வாக்குறுதிக் குழுவைக் கலைக்கப் போன சிங்கம்

குழந்தைகளே, மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் மிருகங்களுக்கென்று ஒரு சபை இருந்தது. அந்தச் சபையில் வாக்குறுதிக் குழு என்று ஒன்றும் இருந்தது. அது நேற்று முளைத்ததல்ல. சிங்க ராஜாவின் கொள்ளுத்தாத்தா ஒரு கோடையில் குளம் வெட்டித் தருவதாகச் சொல்லிவிட்டு மறந்துபோனார். மான்குட்டிகள் தாகத்தில் செத்தன. வெட்கிப்போன அவரே அந்தக் குழுவை அமைத்தார். ராஜா கொடுத்த வாக்கு நடந்ததா என்று குழு நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சொன்ன வரிசையில்தான் செய்ய வேண்டும். ஒன்று முடிந்ததென்று குழு சொல்லாமல் ராஜாவே ஆனாலும் அடுத்ததைத் தொடக்கூடாது.

இப்போது குழுவின் தலைவர் முள்ளம்பன்றி. யாருக்கும் வளைந்துகொடுக்காத பிறவி.

ஓடையை மறித்த பாறைகளை வாக்குக் கொடுத்தபடி அகற்றிவிட்டதாக ராஜா சபையில் மார்தட்டினார். முள்ளம்பன்றி வெயிலில் மேடேறிப் போய்ப் பார்த்தது. பாறைகள் அப்படியே கிடந்தன. மேலே தேங்கிய தண்ணீரில் ராஜாவின் குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. கீழே முயல்கள் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்தன.

நரி மந்திரி ஓடிவந்து, "பார்த்தோம், திருப்தி" என்று சொன்னால் போதும், கிழங்கு விருந்தே வைக்கிறேன் என்று குழைந்தது. கிழங்கை நீங்களே சாப்பிடுங்கள் என்று முள்ளம்பன்றி நடையைக் கட்டியது.

மறுநாள் சபையில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னது. சிங்கத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

"சபையறிய வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் குழுவைக் கலைத்தே தீருவேன்!"

முயல்கள் அழுதேவிட்டன. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு எழுந்தது.

"நல்லது அரசே. இதுவும் சபையில் கொடுத்த வாக்கு, வரிசையில் சேர்த்துக்கொண்டோம். ஆனால் முதலில் நிற்பது ஓடை. கொள்ளுத்தாத்தா போட்ட வரிசை வேண்டாமென்றால், அவர் வழியில் வந்த அரியணை மட்டும் உங்களுக்கு எதற்கு?"

யானை, கேட்பது நியாயம்தானே என்று எழுந்து நின்றது. காட்டெருமைகளும் எழுந்தன. வேறு வழியில்லாமல் ராஜா பாறைகளை அகற்ற ஆணையிட்டார்.

மூன்று நாளில் பாறைகள் அகன்றன. முயல்கள் வயிறு முட்டக் குடித்தன. முள்ளம்பன்றி ஓடையில் இறங்கிக் காலை நனைத்துப் பார்த்துவிட்டுச் சபைக்கு வந்தது.

"ஓடை முடிந்ததா? இனிக் குழுவைக் கலைக்கலாமா?" என்று பரபரத்தார் ராஜா.

"ஓடை முடிந்தது அரசே. ஆனால் குழுவைக் கலைப்பேன் என்பதற்கு முன்னால் நீங்கள் கொடுத்த வாக்குகள் இன்னும் பதினேழு நிற்கின்றன. அடுத்தது மான்களின் புல்வெளி. என்றைக்கு வந்து பார்க்கட்டும்?"

நீதி: கொடுத்த வாக்கைக் கேட்பவரை விரட்டுவதைவிட, வாக்கைக் காப்பாற்றுவதே எளிது.