அரசர் எண்ணிய ஓலைகள்

ஓலைக்கும் குடத்துக்கும் ஊர் கட்டுப்பட்டிருந்த முன்னொரு காலத்தில், ஓர் அரண்மனையில் ஆண்டாப்பிள்ளை என்றொரு விகடகவி இருந்தார். அவையைச் சிரிக்க வைப்பாரே தவிர, மனதளவில் பழமையின் பக்கம் நிற்பவர். இளவட்டங்கள் தலைப்பாகையைச் சாய்த்துக் கட்டினால்கூட, "உலகம் எங்கே போகிறதோ!" என்று அங்கலாய்ப்பார்.

அந்த ஆண்டு பெரிய ஏரிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க, வழக்கப்படி ஊரார் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டார்கள். ஆண்டாப்பிள்ளையின் ஓலை, முறை மாறாமல் மதகு திறக்கும் கோவிந்த வேளாருக்கு. எதிர்த்து நின்ற திருமேனியோ புது மதகு கட்டுவேன் என்றவன். எண்ணிப் பார்த்தால், ஒற்றை ஓலையில் திருமேனி வென்றிருந்தான்!

வேளாரின் மைத்துனர் மழவராயர் அரசவையில் மந்திரி. "மறுபடி எண்ணுங்கள்" என்றார். எண்ணினார்கள், அதே ஒற்றை ஓலை. "எண்ணியவன் திருமேனியின் தெருக்காரன்!" என்றார். இந்த இழுபறியில் மதகு திறக்கவில்லை. நாற்று கருகத் தொடங்கியது.

அரசருக்குச் சலித்துவிட்டது. விகடகவி மீது நெடுநாள் பொறாமை கொண்ட மழவராயர் சமயம் பார்த்துச் சொன்னார்: "மன்னா, ஓலை போடாத, இருவருக்கும் உறவில்லாத, எவரும் சந்தேகிக்கத் துணியாத ஒருவர் எண்ணட்டும். அப்படியொருவரைக் கொண்டுவரும் புத்தி ஆண்டாப்பிள்ளைக்குத்தானே உண்டு?"

"நல்லது! நாளைக் காலை கொண்டுவாரும், ஆண்டாப்பிள்ளை. இல்லையேல் அவையில் உமக்கு இடமில்லை" என்றார் அரசர்.

வெளியே வந்ததும் மழவராயர் காதைக் கடித்தார். "ஓய், அயல்நாட்டான் ஒருத்தன் என் கைவசம் இருக்கான். அவனை நிறுத்தும். உம்ம ஆளும் வேளார்தானே?"

ஆண்டாப்பிள்ளைக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. பிறகு மறுப்பாகத் தலையை ஆட்டினார். "வேளார் பழசுதான், மந்திரியாரே. குடம் அவரைவிடப் பழசு."

மறுநாள் ஊரே ஏரிக்கரையில் திரண்டது. வெறுங்கையோடு நின்ற விகடகவியைப் பார்த்து மழவராயர் மீசையை முறுக்கினார்.

"எங்கே உம் ஆள்?" என்றார் அரசர்.

"வந்துவிட்டார், மகாராஜா. இந்த நாட்டில் ஓலை போடாதவர் தாங்கள் ஒருவரே. இருவருக்கும் உறவில்லை; சந்தேகிக்க எவருக்கும் துணிவில்லை. பாய் விரித்திருக்கிறேன்."

"மன்னரைத் தரையில் உட்காரச் சொல்வதா!" என்று மழவராயர் பாய்ந்தார். அரசர் கையமர்த்தினார். பாதரட்சையைக் கழற்றினார். மணிமுடியை இறக்கி வைத்தார். பாயில் சம்மணமிட்டு அமர்ந்தார்.

அரசர் ஒவ்வோர் ஓலையாக எடுத்து உரக்கப் படித்தார். எவரோ கோணல்மாணலாகக் கிறுக்கியிருந்த ஓலையைக்கூடக் கண்ணருகே வைத்து, மந்திரம் வாசிப்பதுபோல் வாசித்தார். ஆண்டாப்பிள்ளைக்கு மயிர்க்கூச்செறிந்தது. பழமை, பழமை என்று இத்தனை காலம் பேசினோமே, அதன் முகத்தை இன்றல்லவா பார்க்கிறோம் என்றிருந்தது. கைகள் தாமாகக் குவிந்தன.

கடைசி ஓலையும் வந்தது. திருமேனியே வென்றான், அதே ஒற்றை ஓலையில்.

"மறுபடி எண்ணட்டுமா, மந்திரியாரே?" என்றார் அரசர்.

மழவராயர் தலை கவிழ்ந்தார். வேளாரே முன்னால் வந்து திருமேனியின் தோளைத் தொட்டார். "போய்த் திறப்பா. பயிர் காயுது."

அரசர் சிரித்தபடி எழுந்தார். "எனக்கே வேலை வைத்துவிட்டீரே, ஆண்டாப்பிள்ளை! ஆமாம், உமது ஓலை யாருக்கு?"

"தோற்றவருக்குத்தான், மகாராஜா."

அரசர் திகைத்தார். பிறகு கண்ணில் நீர் வர விழுந்து விழுந்து சிரித்து, தம் பட்டுச் சால்வையை அவர் தோளில் போர்த்தினார். மதகில் நீர் பாய்ந்தது. அந்த நீரில் விளைந்ததை வென்றவனும் உண்டான், தோற்றவரும் உண்டார்.