ஆவிக்குக் கம்பளி வீடான கதை

ஆவிக்கு வாயும் கோபமும் இருந்த காலம் அது. நெஞ்சில் சளி கட்டியவர்கள் எந்த நாட்டிலிருந்தாலும் அது குடியிருந்த மலை வெந்நீர்ச் சுனைக்குத்தான் நடந்து வர வேண்டும். அவர்கள் இருமுகிற இருமலில் ஆவிக்குத் தூக்கமே போயிற்று. ஒருநாள் அது எரிந்து விழுந்தது: "நாட்டுக்கு ஒரு பானை கொண்டுவாருங்கள், நானே வருகிறேன். மூடியைத் திறந்ததும் முதல் மூச்சை எங்கே விடுகிறேனோ, அந்த நாட்டில் அதுதான் என் வீடு. பிறகு யாரும் மாற்றிக் கேட்கக் கூடாது."

பனிநாட்டுக்காரன் கெட்டிக்காரன். மரத்தால் ஓர் அறை கட்டி முடித்து, அதற்குள் உட்கார்ந்துதான் திறந்தான். ஆவி கோபித்துக்கொள்ளுமோ என்று பயந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பளிங்குநாட்டுக்காரன் சொந்தபந்தம் அத்தனை பேரையும் பளிங்குக் கூடத்தில் கூட்டிவைத்துத் திறந்தான். அவர்கள் ஊர்க்கதை பேசப் பேச, ஆவிக்கும் அது பிடித்துப்போயிற்று.

நம் நாட்டுப் பானையைச் சுமந்து வந்தவள் பாவாயி. அவள் புருஷன் செங்கோடன், ஆவிக்கு வீடாக, ஊரே உட்காரும்படி பெரிய கல்மண்டபம் எழுப்பிக்கொண்டிருந்தான். கூரை பாதிதான் ஆகியிருந்தது. உச்சிவெயிலில் அவள் பானையை இறக்கியபோது, சுவரோரம் படுத்திருந்த இரண்டு வயது மகள் நாச்சாளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஏனுங்க, எறங்கி வந்து புள்ளையப் பாருங்க!"

"பொழுது சாயறதுக்குள்ள கூரைய மூடிப்போடறேன் புள்ள," என்றான் செங்கோடன் மேலிருந்து.

"அதுவரைக்கும் இவ தாங்க மாட்டாளுங்க!"

வேலியோரம் நின்ற நொச்சி தாழ்ந்த குரலில் சொன்னது: "அம்மிணி, இன்னும் இருபது மூச்சுத்தான் இருக்குது அவகிட்ட. என் தழையில ஒரு கை உருவிப் போட்டுப் பானையத் தெற."

பாவாயி பாதிக்கூரையை அண்ணாந்து பார்த்தாள். வெட்டவெளியில் திறந்தால் ஆவி காற்றோடு போய்விடும்; நம் நாட்டுக்கு அது எந்நாளும் இல்லை. ஊர் காறித் துப்பும். அதற்குள் நாச்சாளின் மார்பு ஒருமுறை ஏறி, இறங்காமல் நின்றது.

தழையை உருவினாள். செங்கோடன் சுருட்டி வைத்திருந்த கறுப்புக் கம்பளியை இழுத்துத் தனக்கும் மகளுக்கும் பானைக்கும் சேர்த்துப் போர்த்தினாள்.

"தெறக்காத புள்ள! ஆவி போயிரும்!" என்று அலறினான் செங்கோடன்.

"எந்த ஆவியச் சொல்றீங்க?" என்று உள்ளிருந்து கேட்டவள், மூடியைப் பிடுங்கித் தழையைப் போட்டாள்.

குபுக்கென்று எழுந்த ஆவி நாலுபக்கமும் முட்டிக்கொண்டது. "இவ்வளவு பெரிய நாட்டில் எனக்கு இந்தக் கம்பளிதான் வீடா?"

"இதுதான். மொதல்ல என் புள்ளையப் பொழைக்க வையி, அப்புறம் சண்டைக்கு வா."

ஆவி வாயை மூடிக்கொண்டு நாச்சாளின் மூக்கில் நுழைந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பாவாயி முதுகைத் தேய்த்தாள், தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு ஓர் இருமல். அதன்பின் ஊருக்கே கேட்கிற அழுகை.

செங்கோடன் குதித்து ஓடி வந்தான். மகள் முகத்தைப் பார்க்கக் கை பரபரத்தது. ஆனால் கம்பளியைத் தூக்கினால் ஆவி போய்விடும். அழுதுகொண்டே அதன் ஓரங்களை மண்ணோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னுங் கொஞ்சம் பொறு கண்ணு," என்றான். மண்டபத்துக்குக் கடைசிவரை கூரை ஏறவே இல்லை.

அந்த உச்சிப்பொழுதிலிருந்துதான், பனிநாட்டார் மர அறையில் பேசாமல் வியர்க்க, பளிங்குநாட்டார் கூடத்தில் கதை பேசி வியர்க்க, நாம் மட்டும் நொச்சித்தழைப் பானைமேல் போர்வைக்குள் குனிகிறோம். உள்ளே இருப்பவர் "போதும், போதும்" என்று எவ்வளவு கத்தினாலும், வெளியே ஒருவர் ஓரத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் பொறு" என்கிறார்.