பாரம் தாங்காத வளையம்

குரு என்றால் நரைத்த தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்றுதான் ஊரில் நினைப்பு. கிணத்துக்கடவு ரோட்டில் அது தலைகீழ். குரு கோகிலவாணிக்கு முப்பத்தெட்டு வயது. சீடர் நாச்சிமுத்து வாத்தியாருக்கு அறுபத்தொன்று. எதிரில் இளநீர் வெட்டுகிறவன் நான். தினமும் பார்க்கிறேன், சாமி சத்தியம்.

கோகிலவாணி வைத்திருப்பது கார் சக்கரம் பார்க்கிற பட்டறை. நாச்சிமுத்து ஒரு காலத்தில் அவளுக்கே கணக்கு வாத்தியார். ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த மூன்றாம் மாதம், "எங்கியாச்சும் போய்த் தொலைங்க" என்று சம்சாரத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வெற்றிலை பாக்குத் தட்டோடு பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"எனக்குத் தொழில் கத்துக் குடு."

கோகிலா பதறிவிட்டாள். "ஐயோ சார், நான் உங்ககிட்ட கணக்குல பெயிலானவ."

"அதுக்குத்தான் வந்தேன். நான் சரியாச் சொல்லிக் குடுக்கலையோன்னு ஒரு சந்தேகம் இருக்குது."

தட்டை வாங்கிக்கொண்டாள். வேறென்ன செய்வாள்? அன்றிலிருந்து பட்டறைக்குள் அவர் அவளை 'மேஸ்திரி' என்பார், நீங்க வாங்க போட்டுப் பேசுவார். ரோட்டுக்கு வந்துவிட்டால் 'கோகிலா, நீ'. அவள் மட்டும் எங்கேயும் 'சார்' தான்.

போன மாசம் வாத்தியார் தன் பழைய காருக்குப் புதுசாக நாலு அலாய் வீல் வாங்கினார். காரணம் இருந்தது. உடுமலையில் கட்டிக் கொடுத்த ஒரே மகள் சுடர்விழிக்கு ஏழாம் மாசம். வெள்ளிக்கிழமை வளைகாப்பு முடித்து, பிரசவத்துக்கு இந்தக் காரில்தான் கூட்டி வர வேண்டும். வீட்டில் அவளுக்கென்று ஓர் அறைக்கு வெள்ளையடித்து, தொட்டில் கட்ட வளையம்கூட மாட்டியாகிவிட்டது.

கடையில் மாட்டிக் கொடுத்த வீலோடு சம்பந்தியம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டீயரிங் குளிர்காய்ச்சல் வந்தவன் கை மாதிரி நடுங்கியது. அந்தம்மா இறங்கும்போதே சொல்லிவிட்டார்: "இந்த வண்டியில எம் மருமகளை அனுப்ப மாட்டேன். பிரசவத்தை நாங்களே பாத்துக்கறோம்."

வியாழக்கிழமை காலையில் வாத்தியார் பட்டறைக்கு வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. பாவமாக இருந்தது, நானே ஓர் இளநீர் வெட்டிக் கொடுத்தேன்.

கோகிலா ஒரு சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரம் போய் உட்காருகிற இடத்தில் மூக்கு மாதிரி ஓர் உருண்டை நீட்டிக்கொண்டிருக்கும், ஹப் என்பார்கள். அதில் புது வீலை வெறுமனே தொங்கவிட்டாள்.

"விரலை உடுங் சார்."

வாத்தியார் விட்டார். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி போயிற்று.

"எல்லா வண்டிக்கும் சேரட்டும்னு வீல்காரன் நடு ஓட்டையைப் பெருசாப் போட்டு உட்டுடறான். உங்க வண்டி ஹப்பு சின்னது, அதுல சக்கரம் நட்டநடுவுல நிக்காம ஆடுது. நடுவுல ஒரு வளையம் வேணும். அங்க இருக்குது பெட்டி, நீங்களே எடுங்."

வாத்தியாருக்கு உயிர் வந்தது. வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தார். வீலின் ஓட்டை எழுபத்து மூணு மில்லி. ஹப் ஐம்பத்தாறு. பெட்டியைக் கிளறி, கல்யாணப் பெண் கைக்குப் போடலாம் போல மின்னுகிற நாலு அலுமினிய வளையங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இதுதான் மேஸ்திரி. என்ன கெட்டி பாருங்க!"

"அளவு?"

"வெளிய எழுபத்து மூணு, கச்சிதம். உள்ள ஐம்பத்தேழு. ஒரு மில்லிதானே?"

கோகிலா துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஒம்பதாவது முழுப் பரீட்சையில நான் எத்தனை மார்க்குங் சார்?"

"முப்பத்து நாலு," என்றார் வாத்தியார். வாத்தியார்களுக்கு இதெல்லாம் மறக்காது போல.

"பாஸ் மார்க்கு?"

வாத்தியார் அலுமினியத்தைப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, உள்ளே ஐம்பத்தாறு எழுதிய கறுப்புப் பிளாஸ்டிக் வளையங்களை எடுத்து வந்தார். எனக்கு வந்த சிரிப்பில் அரிவாள் நழுவப் பார்த்தது.

"கோவமா?" என்று மெல்லக் கேட்டார்.

"போங் சார். அந்த வருஷம் படிப்பை உட்டுட்டு மாமன் பட்டறையில உக்காந்தேன். இல்லீன்னா இது ஏது?"

வாத்தியார் கறுப்பு வளையத்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். இடியாப்ப அச்சு மூடி கனம்கூட இல்லை.

"மேஸ்திரி, இது எவ்வளவு பாரம் தாங்கும்?"

"ஒண்ணும் தாங்காது. பாரமெல்லாம் போல்ட்டும் நட்டும் தாங்கிக்கும்."

"பாரமே தாங்காதது அப்புறம் எதுக்கு?"

"சுடர் வரட்டும், சொல்றேன். நாலையும் நீங்களே மாட்டுங். எனக்குப் பசிக்குது."

சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டாள். யாரையும் நம்பி ஒரு நட்டைக்கூட விடாதவள் அவள். வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஹப்பைத் துரு போகத் தேய்த்தார். வளையத்தை அழுத்தினார், சொத்தென்று உட்கார்ந்தது. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே எதிரெதிர் நட்டாக முடுக்கினார். சொல்லிக் கொடுத்ததில் ஒன்றும் பிசகவில்லை.

மூணு மணிக்குக் கோகிலா வந்ததும் என்னையும் கூப்பிட்டாள்.

"ஏனுங்ண்ணா, ஓர் இளநீரைச் சீவி, தண்ணி தளும்பத் தளும்ப மடியில வச்சுட்டுப் பின்னாடி உக்காருங்."

உட்கார்ந்தேன். பொள்ளாச்சி ரோட்டில் வாத்தியார் ஓட்டினார், பக்கத்தில் கோகிலா. அறுபது. எழுபது. எண்பதைத் தொட்டதும் பாதி இளநீர் என் வேட்டியில் இருந்தது.

வாத்தியார் ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். "போச்சு," என்றார். "நாளைக்கு வளைகாப்பு. எம் பொண்ணு அங்கியே இருந்துக்கட்டும். நான் எதுக்கும் ஆகாதவன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும் இல்லை.

கோகிலா வண்டியைப் பட்டறைக்குத் திருப்பச் சொன்னாள். முன் சக்கரத்தைக் கழற்றினாள். உள்ளே பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நானும் எட்டிப் பார்த்தேன். சக்கரம் ஒட்டி உட்காருகிற இரும்பு முகத்தில் ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம். நடுவில் குங்குமம். அதில் பதித்து மூன்று மஞ்சளரிசி. கழற்றிப் பார்த்தால் நாலு சக்கரத்திலும் இதே அலங்காரம்தான்; அந்தக் கனத்தில் சக்கரம் ஒட்டாமல் கோணி உட்கார்ந்திருக்கிறது.

கோகிலா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ரோட்டில் போன டவுன் பஸ் ஆட்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

வாத்தியாருக்குச் சுருக்கென்றது. "நீங்க மட்டும் வர்ற வண்டிக்கெல்லாம் பொட்டு வைக்கிறீங்களே?"

"முன்னாடி வைக்கிறேனுங் சார். பானெட்டு மேல."

"மேல வச்சா கண்ணு பட்டுரும்னு உள்ள வச்சேன். எம் பொண்ணு வர்ற வண்டி. மருதமலை முருகனை வேண்டிக்கிட்டு வச்சேன். சாமிக்கு வச்சது தப்பா, மேஸ்திரி?"

கோகிலாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. ஈரத்துணியை எடுத்தாள். காய்ந்த சந்தனத்தையும் நசுங்கிய அரிசியையும் மெதுவாக, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் துடைத்தாள்.

"பொட்டு நெத்திக்குங் சார். கண்ணுக்குள்ள வச்சா பார்வை தெரியுமா?"

மிச்சச் சந்தனத்தை அவரிடமே கொடுத்தாள். அவர் பானெட்டில் வைத்தார். பெரிசாகவே வைத்தார். கண் பட்டால் படட்டும் என்று விட்டுவிட்டார் போல.

மறுபடி சக்கரங்களை அவரே மாட்டினார். மறுபடி நான், மறுபடி தளும்பத் தளும்ப ஓர் இளநீர். எழுபது, எண்பது, தொண்ணூறு. வண்டி ஆற்றில் விட்ட பரிசல் மாதிரி போயிற்று. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. "சிந்தலைங்!" என்று நான் கத்த, வாத்தியார் ஸ்டீயரிங்கில் தாளம் போட, கோகிலா "கையை எடுக்காதீங் சார், கையை எடுக்காதீங்!" என்று அலற, ஒரே கூத்து. அந்த இளநீரை மூவரும் ஆளுக்கு ஒரு வாயாகக் குடித்தோம்.

வெள்ளிக்கிழமை எனக்கு வியாபாரமே ஓடவில்லை. கண் ரோட்டிலேயே இருந்தது. பட்டறையில் கோகிலாவும் ஒரு நட்டையே மூன்று தடவை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்குக் கார் வந்து என் கடை முன்னால் நின்றது. பின் ஸீட்டில் சுடர்விழி. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். பக்கத்தில் அவள் அம்மா, மடி நிறையக் கட்டுச்சோற்றுப் பாத்திரம். முன் ஸீட்டில், யார் என்று நினைக்கிறீர்கள்? சம்பந்தியம்மாவேதான். கொண்டுவந்து விடுகிற சாக்கில் வண்டியைச் சோதிக்க ஏறியவர், பொள்ளாச்சி தாண்டுவதற்குள் தூங்கிப்போய், வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"எழுப்பிடாதீங்க மாமா," என்றாள் சுடர் என்னிடம். "எங்க அத்தை தூங்குனா வண்டி பாஸு."

நான் நல்ல செவ்விளநீராகப் பார்த்துச் சீவினேன். காசு வாங்குவேனா?

கோகிலா ரோட்டைத் தாண்டி ஓடி வந்தாள். வாத்தியார் இறங்கி நின்றார். மனிதருக்குப் பத்து வயது குறைந்திருந்தது. ரோட்டில்தான் நின்றார், ஆனாலும் அன்றைக்கு 'கோகிலா' என்று கூப்பிடவில்லை.

"மேஸ்திரி, சுடர் வரட்டும்னு சொன்னீங்க. வந்துட்டா. இப்பச் சொல்லுங்க. பாரம் தாங்கறது போல்ட்டும் நட்டும். அப்ப வளையம் எதுக்கு?"

கோகிலா கார் ஜன்னலில் குனிந்தாள். சுடரின் கையைப் பிடித்து வளையல்களைக் கலகலவென்று ஆட்டினாள்.

"ஏங்கண்ணு, பிரசவ வலி வந்தா யாரு தாங்கோணும்?"

"நாந்தான்க்கா, வேற யாரு?" சுடர் இளநீரை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

"சார், அதுல ஒரு துளி நீங்க வாங்கிக்க முடியுமா?"

"அதெப்படிங்க முடியும்?"

"அப்புறம் எதுக்குங் சார், பொண்ணை ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்?"