புதுப் பாக்கெட்டில் பழைய அட்டை

கோவையில் கிரிக்கெட் வீரர்களின் படம் போட்ட பழைய அட்டைகளைச் சேர்ப்பவர்களின் கண்காட்சி. வாசலோரம் மேசை போட்டுப் புது அட்டைப் பாக்கெட் விற்றாள் மரகதம். சங்கத் தலைவர் தாமோதரன் அட்டைகளில் விரல் படாமலிருக்க மாட்டிய வெள்ளைக் கையுறையோடு வந்து நின்றார்.

"ஏம்மா, இந்தக் குப்பையிலிருந்து ஒரு பழைய அட்டை எடுத்துக் காட்டு. இல்லேன்னா மேசையைத் தூக்கு."

"காட்டுறேனுங்க. உங்ககிட்ட இருக்கறதுலயே அபூர்வமானது எதுங்க?"

"அந்தக் காலத்துல பபிள்கம்மோட இலவசமா வந்த அட்டை. கம்மை மென்னுட்டு அட்டையை எல்லாரும் தூக்கிப் போட்டுட்டாங்க. அதான் இப்பக் கிடைக்கறதில்ல."

"நீங்க?"

தலைவர் தொண்டையைச் செருமினார். "நானும்தான்."

கூட்டம் சிரித்தது. மரகதம் ஒரு பாக்கெட்டை எடுத்தாள். "பழைய அட்டை இதுக்குள்ளதானுங்க இருக்கு. முப்பது வருஷம் தூக்கிப் போடாம இருந்தாப் போதும். பிரிச்சுக் காட்டட்டுங்களா?"

"தொடாதம்மா" என்று பதறி, கையுறைக் கையால் அதை வாங்கிக்கொண்டார் தலைவர்.