வணக்கம் ஓயாத திரை

ஒரு பாலிடெக்னிக்கில் சிவசைலம் என்று ஒரு துறைத்தலைவர் இருந்தார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைவிட அதற்கு அவர் போட்ட உத்தரவுகள் அதிகம்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் லேப் உதவியாளர் மரகதவல்லியைக் கூப்பிட்டார்.

"மெஷினைப் போட்டா கறுப்புத் திரை வருது. அதுல கட்டளை அடிச்சாத்தான் லாகின் படம் வருது. அசிங்கம்! இனிமே படம் தானா வரணும். கோளாறுல நின்னு விழுந்தாலும் அடுத்த நொடியே தானா எழுந்திரிக்கணும். பின்னணியில என் போட்டோ!"

"செய்யலாம் சார். கோளாறு வந்தா நிறுத்துறதுக்கு ஒரு கறுப்புத் திரையாவது உள்ளே இருக்கட்டுமே?"

"கறுப்பு என் கண்ணுல பட்டா உனக்கு இங்கே வேலை இல்லை!"

மரகதவல்லி தலையாட்டினாள். சொன்னதையெல்லாம் செய்தாள். ஒரே ஒரு கறுப்புத் திரையை மட்டும், கீபோர்டில் மூன்று விசைகளைச் சேர்த்துத் தட்டினால்தான் வரும்படி ஒளித்து வைத்தாள்.

மறுநாள் காலையில் சார் ஸ்டுடியோவில் எடுத்த பிரம்மாண்டமான போட்டோவோடு வந்தார். கைகூப்பி நிற்கும் போட்டோ. அதைத்தான் போடச் சொன்னார்.

அவ்வளவு பெரிய போட்டோவின் பாரம் தாங்காமல் லாகின் படம் விழுந்தது. உத்தரவுப்படி எழுந்தது. மறுபடி விழுந்தது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரிக்குத் திரையிலிருந்து சார் விட்டு விட்டு வணக்கம் வைத்துக்கொண்டே இருந்தார்.

"போதும் சார், வாங்கிக்கிட்டேன்" என்றார் அதிகாரி.

"நிறுத்தும்மா!" என்று அலறினார் சிவசைலம்.

"கறுப்புத் திரைக்குப் போனாத்தான் நிக்கும். போனா என் வேலை போயிடுமே சார்?"

"போகாது! நான்தான் சொல்றேன், போம்மா!"

மூன்று விசைகளைத் தட்டினாள். வணக்கம் நின்று, திரை கறுத்தது.

"அப்பாடா!" அதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டார். "அவசரத்துக்கு இதை வைக்கச் சொன்னது யாரு?"

சிவசைலம் தொண்டையைக் கனைத்தார். "நான்தான்."

"ஆமா சார்," என்றாள் மரகதவல்லி, "இப்பத்தான் சொன்னாங்க."