சாமிக்காகப் பேசப்போகிறவர்

எங்கள் மடத்துச் சாமிக்குத் தலைக்குள்ளே கட்டி. திங்கட்கிழமை ஆபரேஷன்.

“நினைவு திரும்பாமலும் போகலாம்” என்றார் டாக்டர், ஒளிக்காமல். “மூச்சுக்கு மெஷின் வைப்பதா, எடுப்பதா என்று உங்களுக்காக முடிவு சொல்ல ஒருவர் வேண்டும். பெயர் எழுதிக் கொடுங்கள்.”

மடத்தில் யாருக்கும் சந்தேகமே இல்லை. தில்லைவாணன்தான். இருபத்திரண்டு வருஷமாகக் கூடவே இருப்பவர். சாமி தும்மினால் இவர் கண் கலங்கும்.

சாமி எழுதவில்லை. மறுநாள் காலை காஷ்ட மௌனத்தில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு மட்டுமா, கைஜாடை, கண்ஜாடைகூடக் கிடையாது. யார் எதை ஊட்டினாலும் விழுங்குவார், அவ்வளவுதான்.

சித்திரை வெயில். தில்லைவாணனுக்கு வேர்த்து ஊற்றியது. “ஐயோ, சாமிக்குப் புழுங்குமே!” என்று ஃபேனை ஐந்தில் வைத்தார். நெற்றியில் ஈரத்துணி போட்டார். இளநீர் புகட்டினார்.

மத்தியானம் மருதமுத்துவின் முறை. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர், மனைவி போனபிறகு மடத்துக்கு வந்தவர். சாமியின் கையைத் தொட்டார். மயிர் சிலிர்த்திருந்தது. ஃபேனை நிறுத்தினார். முகத்தைப் பார்த்தார். திரும்ப ஒன்றில் வைத்தார். மௌன நாளில் சாமி என்ன சாப்பிடுவார் என்று சமையற்கட்டில் கேட்டார், தில்லைவாணனிடம் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். கஞ்சிக் கிண்ணத்தோடு முழித்தபடி நின்றார். கஞ்சி ஆறிப்போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

பொழுது சாய்ந்ததும் சாமி மௌனம் கலைத்து, பேனா கேட்டு, மருதமுத்து என்று எழுதினார்.

தில்லைவாணன் அழுதுகொண்டே வெளியே போனார்.

“ஒண்ணும் விளங்கலையே சாமி” என்றார் மருதமுத்து. “ஒரு வாய் கஞ்சிக்கே திண்டாடினேன். தில்லைவாணன் அண்ணன் உங்க மேல உசிரையே வச்சிருக்கார்.”

“ஆமா. அவன் மாதிரி யாரும் இல்ல.”

“அப்புறம் ஏன் நான்?”

“உன் பஸ்ஸுல வாய் பேச முடியாதவங்க ஏறினா என்ன செய்வே?”

“முகத்தைப் பார்ப்பேன். பையைப் பார்ப்பேன். முன்னாடி எங்க இறங்கினார்னு யோசிப்பேன். பக்கத்துல கேப்பேன்.”

“தப்பா இறக்கி விட்டிருக்கியா?”

“ஒரு அம்மாவை. இன்னிக்கும் உறுத்துது சாமி.”

சாமி தாளை அவர் பக்கம் நகர்த்தினார். மருதமுத்து தொடவில்லை.

“சரி, இப்பவே சொல்லிடுங்க. அந்த நிலைமை வந்தா உங்களுக்கு என்ன வேணும்?”

“இன்னும் இருக்கணும்னு ஆசை. இழுத்துக்கிட்டுக் கிடக்கப் பயம். ரெண்டும்தான்.”

“இப்படிச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்? எதைச் செஞ்சாலும், செஞ்சது சரியான்னு சாகிற வரைக்கும் எனக்குத் தெரியாதே!”

“தெரியாதுதான்” என்றார் சாமி. “தில்லைவாணனுக்கு என் முகத்தைப் பார்க்காமலே தெரிஞ்சிடும். அதுதான் எனக்குப் பயம்.”