மூட முடியாத பாட்டில்

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தெட்டு. சீடருக்கு முதலில் இது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

குருவின் பெயர் ஜெசிந்தா. கொளத்தூரில் தன் வீட்டு மொட்டை மாடியில் மீன்தொட்டிச் செடிகளை வளர்த்து விற்கிறார். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பாய் விரித்துப் போடுவார். எல்லோரும் அவரை டீச்சர் என்பார்கள். கேள்வி கேட்டால் சட்டென்று பதில் சொல்கிற வழக்கம் அவரிடம் இல்லை. கையில் ஏதாவது வேலையைக் கொடுத்துவிடுவார்.

சீடர் தணிகாசலம். வில்லிவாக்கத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். கறாரான மனிதர். ராத்திரி படுக்கப் போகுமுன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கேஸ் சிலிண்டரை மூடுவார். சொட்டுகிற குழாயை இறுக்குவார். மோட்டார் சுவிட்ச், கூடத்து விளக்கு, கொல்லைக் கதவு என்று ஒவ்வொன்றாக முடித்து, கடைசியில் வாசல் கேட்டைப் பூட்டுவார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தால்தான் தூக்கம் வரும். இப்படி மூடி மூடித்தான் குடும்பத்தைக் கட்டிக் காத்தோம் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அந்தக் கேட்டுக்கு முன்னால்தான் போன ஆடியில் அவருடைய ஒரே மகள் தாரிணி மாலையும் கழுத்துமாக வந்து நின்றாள். தனக்குப் பிடித்த பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டிருந்தாள். ஆடி மாதம் என்றுகூடப் பார்க்கவில்லை.

"இனிமே இந்தப் படி ஏறாத" என்றார் தணிகாசலம்.

அவள் அழவில்லை. "தொட்டிக்குத் தினமும் லைட் போடுங்கப்பா. இல்லன்னா செடி செத்துடும்" என்றாள். போய்விட்டாள்.

கூடத்தில் அவள் வளர்த்த கண்ணாடித் தொட்டி இருந்தது. நிறையப் பச்சைச் செடிகள், நடுவில் ஒரு சிவப்புச் செடி, கொஞ்சம் கப்பி மீன்கள். பக்கத்தில், டியூப் செருகிய ஒரு பாட்டிலில் ஏதோ கலங்கலாக நுரைத்துக்கொண்டிருந்தது. அழுக்குத் தண்ணீர் என்று அதை முதல் வேலையாகச் சாக்கடையில் கொட்டினார் தணிகாசலம். லைட்டை மட்டும் சொன்னபடி போட்டு வந்தார்.

தைக்குள் சிவப்புச் செடி வெளிறத் தொடங்கியது. மனைவி கோமதி செடியைப் பார்ப்பாள், அவரைப் பார்ப்பாள், உள்ளே போய்விடுவாள். அது சாயம் போவதைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. மகள் ஞாபகமாக வீட்டில் உயிரோடு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மகளை நினைக்கிறேன் என்று சொல்ல வாய் வராது. செடியைக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்லலாம், அதில் கௌரவம் குறையாது. அப்படித்தான் கொளத்தூருக்கு வந்து சேர்ந்தார்.

"உரம் போதலையா டீச்சர்?" என்று முதல் நாள் கேட்டார்.

"காத்து போதல. நாம மூச்சுல வெளிய விடறோமே, அந்தக் காத்துதான் செடிக்குச் சாப்பாடு" என்றார் ஜெசிந்தா. பெரிய கூல்டிரிங்க் பாட்டில் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். சர்க்கரை போடச் சொன்னார். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஒரு சிட்டிகை ஈஸ்ட்டைத் தானே போட்டார். மூடியில் ஓட்டை போட்டு, மெல்லிய டியூபைச் செருகி, பசை வைத்து அடைத்து, டியூபின் மறுமுனையைத் தொட்டித் தண்ணீருக்குள் விட்டார்.

வகுப்பு முடிகிற நேரத்தில் டியூப் நுனியில் முதல் குமிழ் எட்டிப் பார்த்தது. தணிகாசலம் சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து பார்த்தார்.

"இது எங்கேர்ந்து வருது?"

"ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னுது. தின்னுட்டு மூச்சு விடுது."

"ராத்திரி லைட்டை அணைச்சப்புறம் செடிக்கு இது வேணுமா?"

"வேணாம்."

"அப்ப எப்படி நிறுத்தறது?"

"நிறுத்த முடியாது சார். அது பாட்டுக்கு வரும். ராத்திரி ஏர் பம்ப்பைப் போட்டு மேல்தண்ணியை அசைய விடுங்க. மீனுக்கு மூச்சு முட்டாது."

"ஒரு பக்கம் காத்தை உள்ள விட்டு, இன்னொரு பக்கம் வெளிய துரத்தறதா?"

"ஆமா."

தணிகாசலத்துக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. வியாபாரி அல்லவா. இருந்தாலும் தலையாட்டிவிட்டு வந்தார்.

வீட்டில் பாட்டில் வேலை செய்தது. சில நாளில் சிவப்புச் செடியின் உச்சியில் புதுத் துளிர் விட்டது. இலைகளின் மேல் பொட்டுப் பொட்டாகக் காற்று முத்துகள் நின்றன. கோமதி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

ஆனால் ராத்திரி சுற்றி வரும்போது அந்தக் குமிழ் அவரை உறுத்தியது. வீட்டில் எல்லாவற்றையும் மூடியாயிற்று. இது ஒன்று மட்டும் அடங்காமல் போய்க்கொண்டே இருக்கிறது. டியூபை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டு இறுகக் கட்டினார். காலையில் அவிழ்த்தால் குபுகுபுவென்று வந்தது. ராத்திரிக் காற்றெல்லாம் மிச்சம்! டீச்சருக்கே தெரியாத வித்தையைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் தினமும் அப்படியே செய்தார்.

வெயில் ஏறத் தொடங்கிய மாசியில் ஒருநாள் விடியற்காலை பாட்டில் வெடித்தது.

கோமதி டிகாஷனைக் கீழே போட்டாள். சர்க்கரைக் கரைசல் சுவரெல்லாம் தெறித்து, பாதி தொட்டிக்குள் விழுந்தது. தண்ணீர் பாலாகிவிட்டது. கூடம் முழுக்கக் கள்ளு வாடை. சத்தம் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சி, தணிகாசலத்தை ஏற இறங்கப் பார்த்து, "பரவால்ல சார், நான் யார்கிட்டயும் சொல்லல" என்றார்.

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கோமதி போனை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை, விரல் தானாகப் போனது. அம்மாவும் மகளும் தினமும் பேசுகிறார்கள் என்பது தணிகாசலத்துக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அம்மா, பதறாத" என்றது ஸ்பீக்கரில் தாரிணியின் குரல். "பக்கெட்ல பிடிச்சு வச்ச தண்ணி இருக்குல்ல? பழசை எடுத்து எடுத்து அதை ஊத்து. மெதுவா ஊத்து. ஏர் பம்ப்பைப் போடு."

கோமதி போனைப் பிடித்திருந்தாள். தணிகாசலம் வாளி வாளியாகத் தூக்கினார். மகள் அம்மாவிடம் சொன்னாள், அப்பா செய்தார். தண்ணீர் தெளிந்தது. மீன்கள் கீழே இறங்கின. சிவப்புச் செடி நின்றுகொண்டிருந்தது.

"ஏம்மா, அப்பா டியூபை அடைச்சுட்டாரா?"

கோமதி தரையில் கிடந்த ரப்பர் பேண்டைப் பார்த்தாள்.

"அடைச்சிருப்பாரு" என்றாள் தாரிணி. சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா, போனில் சரியாகக் கேட்கவில்லை. பிறகு மெதுவாக, "ஞாயித்துக்கிழமை வந்து செடியைப் பாத்துட்டுப் போகட்டுமா?" என்றாள்.

கோமதி அவரைப் பார்த்தாள். அவர் காலி வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெசிந்தா பாய் விரிக்குமுன்பே தணிகாசலம் மாடியில் நின்றார். கோமதி குளிக்கப் போன நேரத்தில் புறப்பட்டு, கேட்டை வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தார். அவள் தனியாக இருக்கிறாளே, பாதுகாப்புக்கு. அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

வெடித்த கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "நல்ல கெட்டியான வால்வு ஒண்ணு சொல்லுங்க டீச்சர்" என்றார். "திருகினா அப்படியே நிக்கணும்."

ஜெசிந்தா ஓடிக்கொண்டிருந்த பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து, மூடியைக் கழற்றி, ஒரு குலுக்குக் குலுக்கி அவர் முன்னால் வைத்தார்.

"இன்னிக்கு நீங்களே வால்வு. உள்ளங்கையால மூடுங்க. விடாதீங்க."

தணிகாசலம் மூடினார். ஜெசிந்தா கத்திரிக்கோலை எடுத்துச் செடி நறுக்கப் போய்விட்டார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கீழிருந்து ஏதோ கையைத் தள்ளியது. விரல் இடுக்கில் நுரை கசிந்தது.

"தள்ளுது டீச்சர்."

"அமுக்குங்க."

"கை வலிக்குது."

"இன்னொரு கையையும் வைங்க."

வைத்தார். அதற்குள் வந்து பாயில் உட்கார்ந்த மற்றவர்கள், ஐயா என்ன பூஜை செய்கிறார் என்று புரியாமல் பார்த்தார்கள்.

"இது எப்ப நிக்கும்?"

"சர்க்கரை தீரும்போது. உங்க பாட்டில்ல எவ்வளவு போட்டீங்க?"

"நிறையப் போட்டேன். நல்லா வளரட்டும்னு."

"யார் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான், ஆசையா."

ஜெசிந்தா அடுத்த செடியை எடுத்து நறுக்கினார்.

பாயில் கிடந்த தணிகாசலத்தின் போன் அடித்தது. இரண்டு கையும் பாட்டில் மேல் இருந்ததால் அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா வந்து ஸ்பீக்கரை அழுத்தினார்.

"என்னங்க" என்றாள் கோமதி. "தாரிணி வந்திருக்கா. மாப்பிள்ளையும் வந்திருக்காரு. கேட் பூட்டியிருக்கு. சாவி உங்க பாக்கெட்ல இருக்கு."

தணிகாசலம் குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்தார்.

"வெயில்ல நிக்கிறாங்க. நான் இந்தப் பக்கம் நிக்கிறேன்."

தூரத்தில் தாரிணியின் குரல் கேட்டது. "விடும்மா. நாங்க இன்னொரு நாள் வரோம்."

"இருடீ, போகாத" என்று கோமதி கத்தினாள். போனை அவள் வைக்கவில்லை.

பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தணிகாசலத்தின் கைகள் பாட்டிலின் மேலேயே இருந்தன. நுரை மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

"டீச்சர்" என்றார். "நான் ராத்திரி எல்லாத்தையும் மூடிட்டுப் படுக்கிறவன். மூடலன்னா எனக்குத் தூக்கம் வராது. இனிமே நான் எதைத்தான் மூடறது?"

ஜெசிந்தா அவருடைய கைகளைப் பிடித்துப் பாட்டிலிலிருந்து எடுத்தார். உஸ்ஸென்று பெருமூச்சு விட்டு நுரை பாயில் வழிந்தது. தன் தோளில் கிடந்த துண்டை, கை துடைத்துக்கொள்ள அவரிடம் நீட்டினார்.

"கேஸ் சிலிண்டரை மூடுங்க சார். அதுல உயிர் இல்ல."